கேட்டைத் தாண்டும் முன்பே களவு போகும் சரக்கு: லாரி லோடில் திருட்டையும் மோசடியையும் தடுப்பது எப்படி

சரக்குத் திருட்டு என்றதும் ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் நிற்கிற லாரியின் தார்ப்பாயைக் கிழித்துப் பெட்டிகளை இறக்குகிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முழு லோடாக மாயமாகிற சரக்கில் நிறைய, பட்டப்பகலில், நம் குடோன் வாசலில், நம் ஆட்களே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஏற்றிவிட்டு, ரசீதில் டிரைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, 'பார்த்துப் போங்க' என்று வழியனுப்பி வைத்த சரக்கு. அதனால் பாதுகாப்புக்குக் காசு செலவழிக்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கேமராவும் பூட்டும் அப்புறம், முதலில் போனில் யாரிடம் பேசுகிறீர்கள், கேட்டில் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்கிற இரண்டையும் சரிசெய்யுங்கள்.

மோசடி நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு லோடுக்கு வண்டி வேண்டும் என்று ஆப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் கூப்பிடுகிறார். நல்ல பெயருள்ள டிரான்ஸ்போர்ட், பதிவு எண் சரி, இன்சூரன்ஸ் நகல் சரி, லெட்டர்பேடு சரி. சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தத் தாள்கள் உண்மையிலேயே அந்த நிறுவனத்துடையவை, அனுப்பிய ஆள்தான் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் இல்லை. இதற்குப் பிறகு கதை இரண்டாகப் பிரியும். ஒன்று, அவரே ஒரு வண்டியை அனுப்பி ஏற்றிக்கொண்டு காணாமல் போவார். இரண்டாவது, உங்கள் லோடையே தன் லோடு என்று சொல்லி வேறொரு அப்பாவி லாரிக்காரரிடம் கொடுத்து, இறக்க வேண்டிய முகவரியை மட்டும் மாற்றிச் சொல்வார். இதில் டிரைவர் நிஜ டிரைவர், வண்டி நிஜ வண்டி, லைசென்ஸ் நிஜம். அவருக்கே தான் திருட்டுச் சரக்கு ஓட்டுகிறோம் என்று தெரியாது, வாடகையும் வராது.

இதிலேயே கொஞ்சம் சாதுவான வகை ஒன்று உண்டு. சரக்கு சரியான இடத்துக்கே போய்விடும், ஆனால் நடுவில் இருந்தவர் உங்களிடம் முழு வாடகையை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவார். ஓட்டிய லாரிக்காரர் உங்கள் வாசலில் வந்து நின்று என் காசு எங்கே என்று கேட்பார், அல்லது பணம் வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சரக்கோடு எங்காவது நிறுத்திவிடுவார். டபுள் புரோக்கிங் என்று சொல்வது இதைத்தான்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து லரேடோவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டிய இரண்டு லாரி டக்கீலா, 24,000 பாட்டில்களுக்கு மேல், இப்படித்தான் திசைமாறிப் போனது. வண்டி வந்துகொண்டிருக்கிறது, நடுவில் கொஞ்சம் ரிப்பேர், அதனால் தாமதம் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது, ஜிபிஎஸ்ஸிலும் வண்டி சேர வேண்டிய ஊர்ப் பக்கம் போவதாகவே காட்டியது. சரக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. திரையில் நகர்கிற புள்ளியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, போனில் என்ன செய்ய வேண்டும்? அவர் அனுப்பிய தாளில் இருக்கிற நம்பருக்கே கூப்பிட்டுச் சரிபார்ப்பது, திருடனிடமே நீ திருடனா என்று கேட்பது மாதிரி. நம்பரை நீங்களே தேடி எடுங்கள். அரசாங்கப் பதிவில் இருக்கும் நம்பர், உங்கள் பழைய பில்லில் இருக்கும் நம்பர், அந்த நிறுவனத்தின் அலுவலக லேண்ட்லைன் என்று எதுவானாலும் அது உங்கள் தேடலில் கிடைத்ததாக இருக்க வேண்டும். கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தத் தேதியில் இந்த இடத்திலிருந்து லோடு எடுக்க உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது எங்களிடம் பேசினார்களா? 'அப்படி யாரும் பேசலையே' என்று பதில் வந்தால் அந்த இரண்டு நிமிட அழைப்பு ஒரு லாரிச் சரக்கைக் காப்பாற்றிவிட்டது.

இன்சூரன்ஸும் அப்படியே. நகலைப் பார்த்துத் திருப்திப்படாமல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ ஏஜென்ட்டுக்கோ நேரடியாகப் பேசி, பாலிசி இன்று நடப்பில் இருக்கிறதா, நீங்கள் அனுப்பும் வகைச் சரக்குக்குச் செல்லுமா என்று கேளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் பதிவில் சமீபத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் பழைய நிறுவனம், ஆனால் போன் நம்பரும் இமெயிலும் முகவரியும் போன மாதம்தான் மாறியிருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிக் கிடக்கும் நிறுவனத்தை அதன் நல்ல பெயருக்காகவே விலைக்கு வாங்கி இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

இமெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஆர்' பக்கத்தில் 'என்' ஒட்டி வந்தால் 'எம்' மாதிரியே தெரியும், 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒன்று' என்ற எண் இருக்கும், கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் 'லாஜிஸ்டிக்ஸ்' என்ற சொல்லும் புதிதாக முளைத்திருக்கும். மொபைல் திரையில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் புதுப் பார்ட்டியின் முதல் மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தாளைவிட ஆளின் பேச்சு நிறையக் காட்டிக்கொடுக்கும். உண்மையான லாரிக்காரர் தொல்லை பிடித்தவர். எத்தனை டன், எவ்வளவு உயரம், ஏற்ற எத்தனை மணி நேரம், காத்திருந்தால் காசு உண்டா, இறக்குகிற இடத்தில் ராத்திரி எடுப்பார்களா, பாக்கி எப்போது வரும் என்று உயிரை எடுப்பார். மோசடிக்காரருக்கு இது எதுவும் வேண்டாம். சொன்ன வாடகைக்கு உடனே சரி என்பார், எப்போது ஏற்றலாம் என்பது மட்டும்தான் அவர் கேட்கும் கேள்வி. பேரம் பேசாத டிரான்ஸ்போர்ட்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்த்தால் கவலைப்படுவேன். இதோடு நீண்ட விடுமுறைக்கு முந்தைய சாயங்காலம், கடைசி நேர அவசரம் இரண்டும் சேர்ந்தால் இன்னும் உஷார். அந்த நேரத்தில் சரக்கு போனால் அலுவலகம் திரும்பத் திறக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

லோடு பற்றிப் பொதுவில் எழுதும்போது சரக்கின் பெயர், மதிப்பு, குடோன் முகவரி மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். எடையும் வண்டி அளவும் எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு என்பதும் போதும். லோடு எடுக்கும் குறியீட்டு எண்ணை ஆள் உறுதியான பிறகு, வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் கையில் வந்த பிறகு மட்டும் கொடுங்கள். எந்தச் சரக்குக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், எதை நாளைக்கே விற்க முடியுமோ அதற்கு. எலக்ட்ரானிக்ஸ், மருந்து, செம்புக் கம்பி, டயர், சிகரெட், அப்புறம் பலரும் எதிர்பார்க்காத உணவுப் பொருள். அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி சீரியல் நம்பர் கிடையாது, சாட்சியைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிடுவார்கள்.

இப்போது கேட்டுக்கு வருவோம், ஏனென்றால் போனில் தப்பியவர் கேட்டில் மாட்டுவார், கேட்டிலும் தப்பினால் அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் கனடாவில் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் ஏறத்தாழ 400 கிலோ தங்கமும் கொஞ்சம் வெளிநாட்டு ரொக்கமும் போனது. துப்பாக்கி இல்லை, பூட்டு உடைப்பு இல்லை. ஒருவர் லாரியோடு வந்து ஒரு சரக்கு ரசீதை நீட்டினார். அந்த ரசீது முந்தின நாள் வேறொருவர் எடுத்துப்போன மீன் சரக்குக்கு உரியது, அதன் இன்னொரு பிரதி. தங்கத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கிடங்கில் வேலை பார்த்தவர்களும் உடந்தை என்று போலீஸ் பின்னால் வழக்குப் போட்டது. ஒரு முறை பயன்படுத்திய ரசீது எண் மறுபடியும் வந்தால் சிஸ்டம் கத்த வேண்டும், சிஸ்டம் இல்லாத இடத்தில் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு அடித்திருக்க வேண்டும்.

கேட்டில் நிற்பவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள் என்பது. 'ஏபிசி டிரான்ஸ்போர்ட்தானே? டெலிவரி வடக்கு டிப்போவுக்குத்தானே?' என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்பார்கள். 'உங்களை அனுப்பியது யார்? எங்கே இறக்கப் போகிறீர்கள்? லோடு எண் என்ன?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். டிரைவர் சொல்லும் கம்பெனி பெயரும் நீங்கள் ஒப்பந்தம் போட்ட பெயரும் வேறாக இருந்தால், அல்லது அவர் போனில் இருக்கும் டெலிவரி முகவரி வேறாக இருந்தால், ஏற்றுவதை நிறுத்துங்கள். அந்த டிரைவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார், அவரிடம் கத்த வேண்டாம், யார் அனுப்பினார்கள் என்ற தகவலை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள், அவரும் ஏமாறப் போகிறவர்தான்.

போட்டோ எடுங்கள். டிரைவர் முகம், லைசென்ஸ், வண்டி முன்பக்கம், பின்பக்கம், டிரெய்லர் இருந்தால் அதன் நம்பர் பிளேட், கேபின் கதவில் எழுதியிருக்கிற பெயர், சேஸிஸ் எண். கதவுப் பெயரை நகத்தால் ஓரத்தில் ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிய பலகை என்றால் எழும்பிவிடும். நம்பர் பிளேட் பளபளவென்று இருந்து, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் புதுக் கீறல் இருந்தால் சேஸிஸ் எண்ணைப் பதிவோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். கன்டெய்னர் என்றால் அதன் எண்ணிலேயே ஒரு சோதனை இருக்கிறது: ஐஎஸ்ஓ 6346 முறைப்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சோதனை இலக்கம். முன்னால் இருப்பவற்றைக் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வாய்க்கு வந்தபடி எழுதிய எண் இங்கே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், கணக்குப் போட்டுத் தர இணையத்தில் இலவச வசதி உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்திவைக்கிற அதிகாரம் அந்தக் காவலாளிக்கு இருக்க வேண்டும். ஒரு தடவை அவர் நிறுத்தி, மேனேஜர் வந்து 'உன்னால் லோடு லேட் ஆயிடுச்சு' என்று திட்டினால், அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் நிறுத்தப் போவதில்லை.

சீல் விஷயத்தில் நான் ஒரு தடவை நன்றாகப் பட்டிருக்கிறேன். போல்ட் சீல், அதாவது லாரிக் கதவில் மாட்டினால் வெட்டித்தான் எடுக்க முடிகிற, எண் பொறித்த ஆணி. நம்பர் சரி, வெட்டிய தடயம் இல்லை, இறக்கினால் நடுவரிசையில் பதினான்கு பெட்டி இல்லை. ஏற்றிய ஆட்கள்மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் சண்டை. பிறகு ஒரு வயதான மெக்கானிக் வந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். மூன்று ரிவெட்டின் தலை துருவும் அழுக்குமாக இருந்தது, நான்காவது வழுவழுப்பாக இருந்தது, பெயின்ட் விரலில் லேசாக ஒட்டியது. துளைபோட்டு ரிவெட்டை எடுத்து, கைப்பிடியைக் கழற்றி, சீலைத் தொடாமலே கதவைத் திறந்து, போல்ட் போட்டு மூடி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சீல் அப்பாவியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் சீலைப் பார்ப்பது என்றால் கைப்பிடி, ரிவெட், கீல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. சீலை வெறுமனே பார்த்தால் போதாது: கண்ணால் பார், எண்ணை ஒப்பிடு, இழுத்துப் பார், திருகிப் பார் என்று நான்கு படி சொல்வார்கள். வெட்டி ஒட்டிய போல்ட் இழுக்கும்போதோ திருகும்போதோ கையோடு வந்துவிடும். வாங்கும்போது ஐஎஸ்ஓ 17712 தரத்தில் 'ஹெச்' என்று குறியிட்ட உயர்பாதுகாப்பு வகையைக் கேளுங்கள், 'ஐ' என்பது வெறும் அடையாளத்துக்கு. சீலை உங்கள் ஆளே மாட்ட வேண்டும், டிரைவர் கையில் கொடுத்து மாட்டிக்கோ என்று சொல்வதற்கு மாட்டாமலேயே விடலாம். எண் ரசீதில் ஏற வேண்டும், மாட்டிய நிலையில் போட்டோ எடுத்து இறக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும், அங்கே வெட்டுவதற்கு முன் அவர்கள் ஒப்பிட வேண்டும். மிச்சமிருக்கும் சீல்கள் மேஜைமேல் கிடக்கக் கூடாது, பூட்டிய டிராயரில், கணக்கு நோட்டோடு.

ரோட்டில் போகும்போது முதல் சில மணி நேரம்தான் கண்டம். குடோன் வாசலிலிருந்தே பின்தொடர்கிறவர்கள் வண்டி எப்போது நிற்கும் என்று காத்திருப்பார்கள். டீசல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட்டு, முதல் 300 கிலோமீட்டராவது நிற்காமல் போகிற மாதிரி திட்டம் போடுங்கள். இதற்காக டிரைவரைத் தூங்காமல் விரட்டுவது இன்னொரு ஆபத்து, அதனால் ஓய்வு எங்கே என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்து, வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்கே பார்க்கிங் காசை நீங்களே கொடுங்கள். டாப்பா என்ற சரக்குப் பாதுகாப்புச் சங்கம் 1997 முதல் இருக்கிறது, அவர்கள் லாரி நிறுத்துமிடங்களுக்கென்றே தனித் தரம் வைத்திருக்கிறார்கள், போகிற வழியில் அப்படி ஒன்று இருந்தால் நல்லது. நிறுத்தும்போது பின்கதவு சுவரையோ இன்னொரு வண்டியையோ ஒட்டி, திறக்க இடமில்லாமல் இருக்கட்டும். டிரெய்லரைத் தனியாகக் கழற்றிவிட்டுப் போனால், வேறு வண்டி அதை மாட்டி இழுக்க முடியாதபடி இணைப்பு முளையில் போடுகிற கிங்பின் பூட்டு போடாமல் போகாதீர்கள்.

டிரைவருக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். வழியில் போன் வந்து 'குடோன் ஃபுல்லா இருக்கு, பக்கத்துல இன்னொரு இடம் இருக்கு, அங்க இறக்கிடுங்க' என்று யார் சொன்னாலும், முதலாளி குரலிலேயே சொன்னாலும், போனை வைத்துவிட்டு, கிளம்பும்போது எழுதிக் கொடுத்த நம்பருக்கு அவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முகவரி மாற்றம் அந்த நம்பரில் உறுதியானால்தான் மாற்றம்.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் இருப்பதை முதலில் தேடிப் பிடுங்குவார்கள், அல்லது ஜாமர் வைத்து ஊமையாக்குவார்கள். அதனால் இரண்டாவது ஒன்றை, பேட்டரியில் ஓடுகிற சின்னதை, சரக்குக்குள்ளேயே ஒரு பெட்டியில் வையுங்கள், எந்தப் பெட்டி என்பது இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டாம். சிக்னல் போனாலும் எச்சரிக்கை வருகிற மாதிரி அமைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எச்சரிக்கை யார் போனில் அடிக்கும், அவர் எழுந்து யாரைக் கூப்பிடுவார் என்பதை எழுதி வையுங்கள். நான் பார்த்த பல இடங்களில் எச்சரிக்கை ஒழுங்காக வந்திருக்கிறது, யாரும் திறக்காத ஒரு இமெயிலுக்கு.

சில்லறைத் திருட்டுக்குப் பெரிய வித்தை இல்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து எண்ணுங்கள், கம்பெனி பெயர் அச்சிட்ட டேப்பால் ஒட்டுங்கள், கதவு மூடும் முன் உள்பக்கப் போட்டோ எடுங்கள். எடை போட்டு விற்கும் சரக்கானால் காலி வண்டி எடையையும் லோடு எடையையும் ஒரே மாதிரி எடுங்கள், முதல் தடவை கேபினில் கிளீனரும் டேங்க் நிறைய டீசலும் இருந்து இரண்டாவது தடவை இரண்டும் இல்லையென்றால் அந்த வித்தியாசத்துக்கு உங்கள் சரக்கு கணக்கில் வராமலே வண்டியில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பணம் கொடுக்கும்போது பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், மறுபடியும் பழைய நம்பருக்குப் போன். இன்சூரன்ஸில் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்புக்கான பாலிசி வேறு, உங்கள் சரக்குக்கான பாலிசி வேறு. அவருடையதில் ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பு இருக்கலாம், சரக்கின் முழு மதிப்பும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களுடையதில் ஆளில்லாமல் நிறுத்திய வண்டிக்கும், ஏமாற்றப்பட்டு நீங்களே மனமுவந்து ஒப்படைத்த சரக்குக்கும் விலக்கு இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன கேட் கதை முழுக்க அந்த இரண்டாவது விலக்கில்தான் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு போய்விட்டால், முதல் ஒரு மணி நேரம்தான் உங்கள் கையில். வண்டி எண், நிறம், சேஸிஸ் எண், சீல் எண், பேட்ச் எண், சீரியல் எண், டிரைவர் போட்டோ எல்லாம் ஒரே பக்கத்தில் தயாராக இருந்தால் போலீஸில் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை. போலீஸ், இன்சூரன்ஸ், ஜிபிஎஸ் கம்பெனி, எந்த நிறுவனத்தின் பெயரில் ஏமாற்றினார்களோ அந்த நிறுவனம், இந்த நாலு பேருக்கும் உடனே சொல்லுங்கள். சிசிடிவி பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள், சில நாளில் தானாக அழிந்துவிடும். ஜிபிஎஸ் இடம் காட்டினாலும் நீங்களே வண்டி எடுத்துக்கொண்டு துரத்திப் போக வேண்டாம்.

சரக்கு திரும்பக் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் மருந்தோ குளிர்ச்சியில் வைக்க வேண்டிய உணவோ என்றால் பெட்டி பிரிக்காமலே இருந்தாலும் நேராக விற்பனைக்கு அனுப்ப முடியாது. நடுவில் அது எங்கே, எந்த வெப்பத்தில், யார் கையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாதே. தனியாக ஒதுக்கி, தரப் பிரிவும் இன்சூரன்ஸ் சர்வேயரும் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை யாரும் தொடாதபடி பூட்டி வையுங்கள், இந்தத் தடவை சாவி யாரிடம் என்று நோட்டில் எழுதிவிட்டு.